இண்டி பேரு கட்டம்

செவ்வாய்க்கிழமை காலை, குவைத்துக்கு வேலைக்குப் போகிற ஒரு அக்காவின் விசா காகிதம் பிரிண்டரிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை காலை சென்னையிலிருந்து விமானம். அந்த அக்கா வியாழக்கிழமை வந்து காகிதத்தையும் டிக்கெட்டையும் வாங்கிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

திருப்பதி பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு லாட்ஜின் மாடியில், இரண்டே அறைகளில் எங்கள் ஆபீஸ் இருந்தது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஆபீஸ். உள் அறையில் சார். வெளி அறையில் நானும் ஒரு கம்ப்யூட்டரும். வருகிறவர்களின் விவரங்களைக் கேட்டு அடித்து குவைத்தில் இருக்கும் ஏஜெண்டுக்கு அனுப்புவது என் வேலை. விசா வந்ததும் அதைப் பாஸ்போர்ட்டோடு வைத்துச் சரிபார்ப்பதும் என் வேலைதான்.

அன்றும் சரிபார்த்தேன். பாஸ்போர்ட் எண் சரி. பிறந்த தேதி சரி. பெயர் சரி. பெயருக்கு மேலே, குடும்பப் பெயர் என்ற இடத்தில், வேறு ஒரு பெயர் இருந்தது. பாஸ்போர்ட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் ஏரிக்கரையை ஒட்டிய ஒரு ஊர் அந்த அக்காவுக்கு. தமிழ்க் குடும்பம். முப்பத்து நாலு வயது, இரண்டு பிள்ளைகள். குவைத்தில் ஒரு வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டில் அவசரம். அந்த வாரத்துக்குள் ஆள் வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், விசாவில் இன்னொரு பெயர் என்றால் விமான நிலையத்துக் கவுண்டரில் நிறுத்திவிடுவார்கள். அங்கே விட்டுவிட்டாலும் குவைத்தில் இறங்கிய பிறகு நிறுத்தலாம். தனியாக, பாஷை தெரியாத இடத்தில்.

நான்தான் தப்பாக அடித்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். ஆனால் கை தவறி ஓர் எழுத்து மாறலாம். இல்லாத ஒரு முழுப் பெயர் எப்படி வரும்? மறுபடியும் பார்த்தேன். அந்தப் பெயர் எனக்குத் தெரிந்த பெயர். அந்த அக்கா வந்த அதே நாளில், அவருக்கு முன்னால் என் எதிரே உட்கார்ந்து விவரம் சொல்லிவிட்டுப் போன ஒரு டிரைவரின் இண்டி பேரு.

எங்கள் பக்கத்தைத் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். தெலுங்குக்காரர்களுக்கு இண்டி பேரு உண்டு. வீட்டுப் பெயர். பெயருக்கு முன்னால் வரும். தமிழ்க் குடும்பங்களுக்கு அது கிடையாது. நைனா பெயரின் முதல் எழுத்தோடு சரி. ஆனால் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கார்டிலும் ரெவின்யூ ஆபீஸிலும் அந்தக் கேள்வி வரும். "மீ இண்டி பேரு ஏமிடி?" உங்கள் வீட்டுப் பெயர் என்ன? இல்லை என்று சொன்னால் கேட்டவர் தலையை நிமிர்த்திப் பார்ப்பார். அந்தப் பெயரை வைத்துத்தான் யார், என்ன சாதி என்று அவர்கள் தெரிந்துகொள்வார்கள். பெயர் இல்லையென்றால் அடுத்த கேள்வி நேராகவே வரும்.

ஆறாம் வகுப்பில் ஒரு வாத்தியார் என்னிடம் அந்த இரண்டாவது கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மணி அடிக்கும்வரை நிற்கவைத்தார். அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்பது எனக்குக் கஷ்டம். இந்த ஆபீஸில் எல்லாரையும் எல்லாவற்றையும் கேட்கிற வேலை வந்து வாய்த்தது. வயது, எடை, வியாதி, பிள்ளைகள் எத்தனை என்று கேட்டுவிடுவேன். இண்டி பேரு மட்டும் கேட்க மாட்டேன். அவர்களாகச் சொன்னால் அடிப்பேன். சொல்லாவிட்டால் கட்டத்தைக் காலியாக விட்டு அடுத்ததற்குப் போவேன்.

அந்த விவரங்களை அடிக்கிற ஃபாரம் இருந்த வெப் பக்கத்தை எழுதியதும் நான்தான். பத்தாவதோடு படிப்பு நின்றது. டைப்ரைட்டிங் முடித்துவிட்டு இங்கே வேலைக்கு வந்தேன். ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கோர்ஸ் பலகை மாட்டிய காலம் அது. சாயந்திரத்தில் ஆறு மாதம் போய்ப் படித்தேன். பக்கத்தில் உட்கார்ந்தவர்களெல்லாம் அமெரிக்கா போகிற கணக்கில் படித்தார்கள். எனக்கு இந்த ஆபீஸ் வேலை கொஞ்சம் சுலபமானால் போதும். சாரிடம் கேட்டு இந்தப் பக்கத்தை எழுதினேன். மூன்று பக்கமாகப் பிரித்திருந்தேன். முதலில் பெயர், அடுத்து வேலை, கடைசியில் உடம்பு. அப்போது டெலிபோன் லைனில்தான் இன்டர்நெட். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அறுந்துபோகும். என் பக்கத்தில் லைன் அறுந்தாலும் எழுதினது போகாது. அந்தப் பெருமை எனக்கு இருந்தது.

எழுதினதைப் போகாமல் வைத்திருப்பதற்குப் பெயர் செஷன். மலைக்குப் போகிறவர்கள் லக்கேஜ் கவுண்டரில் பையைக் கொடுத்து டோக்கன் வாங்குவார்கள் இல்லையா, அதுபோலத்தான். பக்கத்தைத் திறந்ததும் சர்வர் நம் பிரவுசருக்கு ஒரு டோக்கன் தரும். அந்த எண்ணுக்கு ஒரு பை. முதல் பக்கத்தில் எழுதின பெயர் அந்தப் பைக்குள் போகும். இரண்டாம் பக்கத்துக்குப் போனாலும் டோக்கனைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். தரிசனம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

நான் டோக்கனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. கடைசிப் பக்கம் மெயிலை அனுப்பிவிட்டு நன்றி என்று காட்டும். பை அப்படியே இருக்கும். பிரவுசரை மூடினால் டோக்கன் போய்விடும், ஆனால் நான் சாயந்திரம்வரை மூடுவதே இல்லை. அடுத்த ஆள் வந்து உட்கார்ந்ததும் முதல் பக்கத்துக்குப் போய் அடிக்கத் தொடங்கிவிடுவேன். அதே டோக்கன், அதே பை. புதுப் பெயரைப் போட்டால் பழைய பெயர் போய்விடும், அதனால் தெரியவில்லை. ஆனால் கட்டம் காலியாக இருந்தால் பையில் எதையும் தொடாதே என்று எழுதியிருந்தேன். லைன் அறுந்து வெறும் பக்கம் போய்ச் சேர்ந்து, எழுதினதை அழித்துவிடக் கூடாதே என்று.

எழுதி முடித்து எத்தனையோ தடவை சோதித்தேன். ஒவ்வொரு தடவையும் எல்லாக் கட்டத்தையும் நிரப்பித்தான் சோதித்தேன்.

செவ்வாய்க்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, கற்பனையாக ஒரு ஆளை இண்டி பேருடன் அடித்தேன். அடுத்து ஒரு ஆளை இல்லாமல் அடித்தேன். மெயிலை எனக்கே அனுப்பிப் பார்த்தேன். இல்லாதவருக்கு இருந்தது. 

பீரோவைத் திறந்து இந்த வெப் பக்கம் தொடங்கிய நாளிலிருந்து உள்ள ஃபைல்களை எடுத்தேன். காலியாக விட்ட ஒவ்வொருவரையும் பார்த்தேன். காலையில் முதல் ஆளாக வந்தவர்கள் தப்பித்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பையில் எதுவும் இல்லை. இரண்டு பேருக்கு விசா இன்னும் அடிக்கவில்லை. அவர்களுக்குத் திருத்தம் அனுப்பினேன். ஒரு கொத்தனார் குவைத்துக்குப் போயே போய்விட்டார், வேறு ஒருவரின் இண்டி பேருடன். அவருடைய விசா நகலைச் சரிபார்த்தேன் என்று என் கையெழுத்தே அதில் இருந்தது. எண்ணையும் தேதியையும் பார்த்துவிட்டுப் போட்ட கையெழுத்து.

சார் பதினொன்றரைக்கு வந்தார். அவர் தெலுங்குக்காரர். என்னிடம் பேசும்போது இரண்டையும் கலந்து பேசுவார்.

"ஏமிம்மா, மொகம் வெளுத்துப்போய் கெடக்கு? பேய கீய பாத்தியா?"

காகிதத்தை நீட்டினேன். தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டு, எப்படி நடந்தது என்றும் சொன்னேன். பையும் டோக்கனும் அவருக்குப் பிடிபடவில்லை. கொத்தனார் விஷயம் மட்டும் பிடிபட்டது.

"ஆ மேஸ்திரி போயிட்டானே! போய்ச் சேர்ந்து போன் கூட பண்ணானே. எவன் பாத்தான்? நம்பர் பாப்பான், போட்டோ பாப்பான், சீல் குத்துவான். பர்வாலேதும்மா. இதுவும் போவும்."

"பாத்துட்டாங்கன்னா சார்?"

"பாக்க மாட்டாங்க. திருத்தறதுக்கு அனுப்பினா பத்து நாள் ஆவும். அந்த வீட்டுக்காரி வேற ஆள் வெச்சுக்குவா. அந்தம்மாவுக்கு வேலையே போயிடும். எது மேலு? நுவ்வே செப்பு."

நீயே சொல் என்று என் தலையில் கட்டிவிட்டு உள்ளே போனார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. சும்மா இருந்தால் அந்த அக்கா போய்விடலாம். வாயைத் திறந்தால் நிச்சயமாக வெள்ளிக்கிழமை போக முடியாது. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. விமான நிலையத்துக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் மேலே இருக்கிற வரியைப் பார்ப்பாரா, கீழே இருக்கிற வரியைப் பார்ப்பாரா? அந்த வரி யாருடையது என்று அந்த அக்காவைக் கேட்பார். அக்காவுக்கு என்ன தெரியும்? தன் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாமல் நிற்பார். ஆறாம் வகுப்பில் நான் நின்ற மாதிரி.

தலைவலி என்று சாரிடம் சொல்லிவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினேன். புத்தூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து பிச்சாட்டூருக்கு இன்னொன்று. பஸ்ஸில் மூன்று மணி நேரம் என்ன சொல்வது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று தோன்றியது.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. குவைத்துக்குப் போகிறவர் வீடு என்றதும் கடைக்காரரே கை காட்டினார். வாசலில் அந்த அக்காவின் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து, ஒரு சூட்கேஸின் மேல் வெள்ளைப் பெயிண்டால் எழுதிக்கொண்டிருந்தார். ஒரு இனிஷியல், ஒரு பெயர். நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.

"தே, உங்க ஆபீசு கம்பூட்டரம்மா வந்துகீறாங்க பாரு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "டிக்கெட்டைக் கையோட கொடுக்க வந்துட்டாங்க."

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மாங்காய் ஊறுகாயைப் பாட்டிலில் அடைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, விரலெல்லாம் சிவப்பு. "வாம்மா. துன்னியா? மொகமே சரியில்லியே."

ஒத்திகை பார்த்தது எதுவும் வாயில் வரவில்லை. காகிதத்தை எடுத்து அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன். "இது உங்க பேரு இல்லக்கா. வேற ஒருத்தர் இண்டி பேரு. நான் பண்ண தப்பு."

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வீட்டுக்காரர்தான் வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார்.

"பாருடி, நூறு ஏக்கரா வெச்சிகினு கீறவங்க வூட்டுப் பேரு! ஒரு நாள்ல பெரிய வூட்டு மருமவளா ஆயிட்ட. இந்தப் பொட்டில இன்னும் எடம் கீது. அதையும் எழுதிரட்டுமா?"

"நீ சும்மா கெட" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "இப்ப நான் போவேனா மாட்டேனா? அத்த சொல்லு."

தெரிந்ததைச் சொன்னேன். இதே காகிதத்தோடு போனால் விட்டாலும் விடலாம், நிறுத்தினாலும் நிறுத்தலாம். ஒருத்தர் போய்விட்டார். திருத்தினால் பத்து நாள் ஆகும், அந்த வேலை இருக்கலாம், இல்லாமலும் போகலாம். நான் ஒன்றையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சார் இப்படியே போகட்டும் என்கிறார், நான் அவருக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன்.

 வீட்டுக்காரர் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடியே இருந்தார். பெயிண்ட் மண்ணில் சொட்டியது.

"அன்னிக்கி எல்லாத்தியும் கேட்டியேம்மா" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. "பல்லு ஆடுதா, ராவுல இருமல் வருதானு கூட கேட்ட. இத்த மட்டும் ஏன் கேக்கல?"

"கேக்கக் கூச்சமா இருந்துச்சுக்கா."

"இன்னா கூச்சம்?"

"எனக்கும் இண்டி பேரு கெடையாது."

அக்கா என் அருகே வந்தார். "நீ கேப்பியோனு தான் நான் பயந்துகினு இருந்தேன்" என்றார். "நீ கேக்காம வுட்டதும், அப்பாடானு இருந்துச்சு."

பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடித்ததும் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "வேற வூட்டுப் பேர்ல நான் போவ மாட்டேன். அங்க போயி நீ யாருனு கேட்டா நான் இன்னா சொல்றது? வேலை போனா போவுது."

சொல்லும்போது அவர் உதடு நடுங்கியது. நான் திரும்பி வரும் பஸ்ஸில் அந்த உதட்டையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் இருவரும் ஆபீஸுக்கு வந்துவிட்டார்கள். வீட்டுக்காரர் சூட்கேஸைத் தூக்கிச் சார் மேஜைமேல் வைத்தார். "சார், இதுல எழுதிகீற பேரு தான் அதுலயும் இருக்கணும்." சார் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் நினைத்தால் தலையைக் குனிந்துகொள்வேன். திட்டவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது. குவைத்துக்குப் போன் போட்டார். திருத்திய காகிதம் வரப் பத்து நாள். அந்த வீட்டில் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். டிக்கெட்டைத் தள்ளிவைத்தோம். வெள்ளிக்கிழமை காலை விமானம் போன நேரத்துக்கு நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில் பக்கத்தைத் திருத்த உட்கார்ந்தேன். கட்டம் காலியாக வந்தால் பையிலும் காலியாகப் போடு என்று மாற்றினேன். முடிந்ததும் பையிலிருந்து பெயரை எடு, இண்டி பேரை எடு, வயதை எடு என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டை மறந்திருந்தேன். நான் மறந்தது எதுவானாலும் யார் தலையிலாவது போய் விடியும் என்று பயம் வந்து, பையையே கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, டோக்கனையும் கிழிக்கும்படி எழுதினேன். அடுத்து வந்த முதல் ஆளுக்கு மெயில் வெறும் காகிதமாகப் போனது. பதட்டத்தில், அனுப்புவதற்கு முந்தைய வரியிலேயே காலி செய்திருந்தேன். வரியைக் கீழே நகர்த்தினேன். புது ஆள் என்று ஒரு பட்டனும் வைத்தேன். அதை அழுத்தினால் தொடக்கத்திலும் ஒருமுறை காலியாகும். இரண்டு தடவை காலி செய்வது அதிகம் என்று கோர்ஸ் படித்தவர்கள் சொல்வார்கள். எனக்கு அதிகமாகப் படவில்லை.

காலிக் கட்டங்களோடு சோதித்தேன். நிரப்பியும், காலியாக விட்டும், மறுபடி நிரப்பியும். நிம்மதி வரவில்லை. பக்கம் சரியாகிவிட்டது, அந்த அக்கா போகவில்லை.

அந்த வாரம் நகரியிலிருந்து ஒருவர் வந்தார், தறி ஓட்டுகிறவர். இண்டி பேரு கட்டத்துக்கு வந்ததும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன். "அண்ணா, இண்டி பேரு உண்டா, இல்லையா? ரெண்டுல எது சொன்னாலும் சரி" என்றேன். "இல்லம்மா" என்றார், பீடிக்கட்டைச் சட்டைப் பையில் தள்ளிக்கொண்டே. அவ்வளவுதான். கட்டம் காலி என்பதை அவரையே திரையில் பார்க்கச் சொன்னேன்.

ஒன்பதாவது நாள் அந்த வீட்டிலிருந்து பதில் வந்தது. கிழவியை இன்னும் பத்து நாள் மகளே பார்த்துக்கொள்கிறாளாம், காத்திருக்கிறார்களாம். பன்னிரண்டாவது நாள் காகிதம் வந்தது. சார் அதைத் தொடவில்லை. "நுவ்வே சூடும்மா, நீயே பாரு" என்று என்னிடம் தள்ளினார். மேலே இருந்த வரியை முதலில் பார்த்தேன். ஒன்றும் இல்லை. எண், தேதி, பெயர் என்று மறுபடி மேலிருந்து கீழே வந்து, மறுபடி மேலே போனேன்.

விமானம் ஒரு திங்கட்கிழமை காலை. எட்டு மணிக்கே ஆபீஸைத் திறந்து டெலிபோன் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் எடுப்பது எனக்குப் பிடிக்காது, மணி அடித்தால் சார் எடுக்கட்டும் என்று இருப்பேன். அன்று அடித்த மூன்று அழைப்பையும் நானே எடுத்தேன். மூன்றும் வேறு யாரோ. கவுண்டரில் நிறுத்தினால் எந்தக் கதவு வழியாக உள்ளே போனார்களோ அதே கதவு வழியாகத்தான் வெளியே அனுப்புவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பத்தரைக்கு நாலாவது அழைப்பு. பின்னால் ஒரே வண்டிச் சத்தம்.

"கம்பூட்டரம்மா, நான் தான். அவ உள்ள பூட்டா."

"திரும்பி வந்தாங்களாண்ணா?"

"கண்ணாடிக் கதவாண்டயே நின்னுகினு இருந்தேன். ரெண்டு மணி நேரம் ஆச்சு" என்றார். "வர்ல."

சந்தோஷச் செய்தியைச் சொல்லத்தான் போன் செய்திருந்தார். குரல் அப்படி இல்லை. நல்லதுண்ணா என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றேன்.

"பிளேன் எத்தினி மணிக்கு மேல போவும்மா?"

"இன்னும் இருபது நிமிஷம் இருக்குண்ணா."

"அப்ப இருந்து பாத்துட்டு வரேன்" என்று போனை வைத்தார்.